புத்தி சொன்னது போதும், பிள்ளைக்கு ஒரு வேலை முறை போடுங்கள்

நாள் முழுக்கப் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள். ஜப்பானில் 2018 முதல் ஆரம்பப் பாடசாலைகளில் ஒழுக்கம் முறையான பாடம்தான், ஆனால் பழக்கம் வருவது அந்தப் பாடத்தால் இல்லை, பிள்ளைகளுக்கு மாறி மாறிப் போடுகிற வேலை முறையால் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கள். பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளில் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டு, சோறு, சூப் எல்லாம் வகுப்புக்குத் தூக்கிவந்து மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள், எல்லாருக்கும் கிடைக்கும்வரை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. வார முடிவில் அந்த மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து, அடுத்த முறைக்காரனுக்குக் கொடுக்க வேண்டும். கறையோடு கொடுத்தால் அவன் என்ன நினைப்பான் என்பது ஏழு வயதிலேயே விளங்கிவிடும். வகுப்பைக் கூட்டித் துடைப்பதும் பிள்ளைகள்தான். இலங்கையில் எங்களிடம் வகுப்புத் தலைவர் பதவி கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் போகும், அங்கே அன்றன்றைய பொறுப்பு குழப்படிக்காரனுக்கும் சுற்றிவரும்.

சரி, வீட்டில் எப்படி? ஒரு மட்டையில் பெயர்களை எழுதி, வாசல் செருப்பு ஒருவருக்கு, சோறு போடுவது ஒருவருக்கு என்று பிரித்து வாரத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள். ஜப்பானில் கழற்றிய சப்பாத்தை முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள், அது சின்னவருக்குச் சரியான வேலை. கொஞ்ச நாளில் எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலில் செருப்பை உதறி எறிகிறாரா, சோடியாக வைக்கிறாரா என்று கவனியுங்கள். சோறு போடுகிற முறை மகனுக்கும் வரட்டும், அப்பம்மா "ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை" என்று தொடங்குவா, சமாளியுங்கள். நிச்சயம் சிந்தும். சிந்தினால் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், உங்கள் கை தானாகப் போகும், அதை அடக்குவதுதான் உண்மையான கஷ்டம்.

எங்கள் ஊர் டச்பே கடற்கரையில் கடலை தின்ற பையை அவரவர் பொக்கற்றிலேயே வீட்டுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். ஜப்பானிலும் தெருவில் குப்பைத்தொட்டி குறைவு, குப்பை வீட்டுக்குத்தான் போகும். இங்கே காரணம் சொல்வது இன்னும் சுலபம், பொலித்தீனை மெல்லுகிற மானைக் காட்டினால் போதும்.

குழப்படி செய்தால் கடைத்தெருவில் நாலுபேர் முன்னால் ஏசாமல் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசுங்கள், ஜப்பானிலும் பல தாய்மார் செய்வது அதுதான். பிரம்பு வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் ஜப்பானில் பெற்றோர் அடிப்பதும் சட்டப்படி தடை, பிள்ளைகள் வதைபட்டு இறந்த சம்பவங்களுக்குப் பிறகு வந்த சட்டம் அது, அதனால் அங்கே எல்லாம் தங்கம் என்று நினைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுக்காதே என்கிற அழுத்தம் அங்கே அதிகம், 2023 கல்வியாண்டில் 30 நாளோ அதற்கு மேலோ பாடசாலைக்குப் போகாமல் இருந்த ஆரம்ப, இடைநிலை மாணவர்கள் 3 லட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேல். அழுத்தம் மட்டும்தான் காரணம் என்றில்லை. ஆனாலும் பிள்ளை ஒருநாள் முறையைச் செய்யமாட்டேன் என்றால் அக்கா, தம்பியோடு ஒப்பிட்டு வெட்கப்படுத்தாமல், யாரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று அவரையே கேட்கவிடுங்கள்.