ஸ்லோ குக்கரில் புகைக்கறியும் ராஜ்மாவும்: முதலில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள்

எங்கள் மாடி வீட்டில் நாகாலாந்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். நர்ஸ் வேலை. வேலூரில் இது ஒன்றும் புதிதில்லை, சி.எம்.சி. மருத்துவமனை இருப்பதால் வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தங்குகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் "அக்கா, இது உங்களுக்கு" என்று புகைபோட்ட பன்றிக்கறியில் ஒரு பொட்டலம் கொடுப்பாள். நாம் உப்புக்கண்டம் போடுவதுபோல அவர்கள் கறியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நாள்கணக்கில் புகையில் காயவைக்கிறார்கள். அதை ராஜ்மாவோடு சேர்த்துச் சமைப்பது அவர்கள் வழக்கம். அங்கே விளையும் ராஜ்மாவுக்குப் பெயர் கோலார். நம் பக்கத்துத் தங்கவயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போன வருடம் மே மாதம் முதல்முறை செய்தபோது ஊறவைத்த ராஜ்மா, கறி, தக்காளி எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் (கரண்டில் மெல்லச் சூடேறி மணிக்கணக்கில் வேகவைக்கும் பாத்திரம்) ஒன்றாகப் போட்டு, போர் தண்ணீர் ஊற்றி, லோவில், அதாவது குறைந்த சூட்டில், வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். 9 மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கறி பஞ்சு மாதிரி இருக்கிறது, ராஜ்மா நறுக் நறுக்கென்று கடிபடுகிறது. இருந்தாலும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கி ராத்திரி முழுக்கப் படுத்தியது. கறி கெட்டுவிட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னோம். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கறிமேல் ஒரு குற்றமும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

தேவையானவை: ராஜ்மா 250 கிராம், புகைக்கறி 300 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 12 பல், இரண்டு விரல் நீளத்துக்கு இஞ்சி, காய்ந்த மிளகாய் 6, தக்காளி 2, உப்பு. எண்ணெய் வேண்டாம், கறியில் இருக்கும் கொழுப்பே போதும்.

1. ஊறவைப்பது

ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் போடும் உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது. வெயில் காலத்தில் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் ஊர் மே மாத ராத்திரியில் வெளியே வைத்தால் காலையில் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயம், அதனால் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். எங்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படியும். அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் ராஜ்மாவின் தோலைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. எத்தனை மணி நேரம் வைத்தாலும் வேகாததற்கு இது பாதிக் காரணம். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். வேறு வழியில்லை, போர் தண்ணீர்தான் என்றால் ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேருங்கள். கூடிப்போனால் சோப்பு ருசி வரும், கவனம்.

2. அடுப்பில் கொதிக்கவைப்பது

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. லெக்டின் வகையைச் சேர்ந்தது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கர் மெதுவாகத்தான் சூடேறும். லோவில் வைத்தால் 80 டிகிரியைத் தாண்டவே பல மணி நேரம் ஆகலாம், சில குக்கர்களில் தாண்டாமலும் போகலாம். அந்த அரைச்சூட்டில் நச்சு அழியாதது மட்டுமில்லை, பச்சைப் பயறில் இருப்பதைவிட வீரியம் கூடவும் செய்யும். நாலைந்து பயறு தின்றாலே வாந்தி வர வாய்ப்புண்டு. எனக்கு வந்தது அதுதான்.

எனவே ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, ராஜ்மாவைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம். நான் 15 நிமிடம் விடுகிறேன். ஓரத்தில் குமிழி வருவது கொதி ஆகாது, பயறு மேலும் கீழும் புரள வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். கரண்டியில் இரண்டு பயறு எடுத்து ஊதிப் பாருங்கள், தோல் சுருங்கிப் பிரிந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

3. கறி

ஃப்ரீசரில் இருந்தால் முந்தின நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். உறைந்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. வெந்நீரில் தேய்த்துக் கரியைக் கழுவி, சின்னத் துண்டுகளாக வெட்டி, 5 நிமிடம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். கசப்பெல்லாம் அதோடு போய்விடும், புகை வாசம் மட்டும் கறியில் நிற்கும்.

4. குக்கரில்

வெங்காயம், நசுக்கிய இஞ்சி பூண்டு, மிளகாய், கறி, ராஜ்மா எல்லாவற்றையும் போட்டு, வெந்நீர் ஊற்றுங்கள். ராஜ்மாவுக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றால் போதும், இதில் தண்ணீர் அவ்வளவாக வற்றாது. ஹையில் 5 மணி நேரம், லோவில் 8 மணி நேரம். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப அரை மணி நேரம்கூட ஆகும். தக்காளியும் உப்பும் கடைசி ஒரு மணி நேரத்தில், ராஜ்மாவை விரலால் அழுத்தினால் மசிகிறது என்று தெரிந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே போனால் பயறு இறுகிவிடும்.

பிரஷர் குக்கரில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைதானே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் பயறு உடைந்து கூழாகும், கறியின் கொழுப்பு குழம்போடு சேராமல் மேலே தனியாக மிதக்கும். தவிர, வேலூர் வெயிலில் அடுப்படியைச் சூடாக்காமல் சமைக்க முடிவது எனக்குப் பெரிய விஷயம். குக்கர் வாங்குவதாக இருந்தால் 3.5 லிட்டர், பீங்கான் பாத்திரம், திருகு வைத்தது வாங்குங்கள். பட்டன் வைத்த பல மாடல்கள் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது.

சோற்றோடு சாப்பிடலாம். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களிதான். சூடான களி உருண்டையில் குழி செய்து குழம்பை ஊற்றினால் கொழுப்பு மெல்லப் பரவி உள்ளே இறங்கும். மாடி வீட்டுப் பெண் இப்போது களி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

பிற்சேர்க்கை: கரண்ட் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து நிறுத்தும் நாளில் இதைத் தொடங்காதீர்கள். திடீரென்று போனால் உடனே அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடியுங்கள். வீட்டில் ஆளில்லாதபோது போய், எவ்வளவு நேரம் நின்றது என்றே தெரியவில்லை என்றால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான். இன்வெர்ட்டர் இருந்தால் கவலை குறைவு, என் குக்கர் 200 வாட்தான் இழுக்கிறது.

இன்னொருவர் காய்ந்த மொச்சை போடலாமா என்றார். தாராளமாக. அதையும் ஊறவைத்து, கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே குக்கரில் போடுங்கள். காராமணி மட்டும் வேண்டாம், இத்தனை மணி நேரம் தாங்காமல் கரைந்துவிடும்.