பண்ணையில் பங்கு சேர்ந்து காய் வாங்குவது எப்படி? பெங்களூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஹலசூர் வீட்டுக்கு ஒரு துணிப்பை வரும். ஓசூரை அடுத்த தளி பக்கத்தில் ஒரு பண்ணையில் அன்று காலை பறித்த காய். உள்ளே என்ன இருக்கும் என்பது முந்தின நாள் ராத்திரி வாட்ஸப்பில்தான் தெரியும். மூன்று வருடமாக இப்படித்தான் வாங்குகிறேன். "நாங்களும் சேரணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

இது சி.எஸ்.ஏ. என்ற ஏற்பாடு. சமூக ஆதரவு வேளாண்மை என்று சொல்லலாம். ஒரு பருவத்துக்கான பணத்தை விவசாயியிடம் முன்கூட்டியே கொடுக்கிறோம், விளைச்சலில் நம் பங்கு வாராவாரம் வருகிறது. விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் அவர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. நன்றாக விளைந்தால் பை நிறையும், மழையில் அழுகினால் குறையும். ஜப்பானில் 1970களில் 'தெய்கேய்' என்ற பெயரில் குடும்பங்கள் இப்படி விவசாயிகளோடு சேர்ந்தன. அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது.

படி 1: வீட்டுக் கணக்கு

வெங்காயம், உருளைக்கிழங்கை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு எவ்வளவு காய் ஆகிறது என்று எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஐந்து, ஆறு கிலோ. முதல் தடவை பாதிப் பங்கு போதும்.

படி 2: பண்ணையைத் தேடுதல்

ஆனேக்கல், கனகபுரா, தொட்டபள்ளாபுரம், நம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாமே காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் வந்து சேரும் தூரம்தான். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் கேளுங்கள், இயற்கை விளைபொருள் சந்தையில் கடை போடுபவர்களிடம் பேசுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்விடுங்கள். இந்தப் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

நேரில் போனதும் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கிணறா, போர்வெல்லா, ஏரியா? விருஷபாவதி போலக் கழிவுநீர் கலந்து ஓடும் ஆற்றுத் தண்ணீரில் விளையும் கீரையும் இந்த ஊர்ச் சந்தைக்கு வருகிறது. ரசாயன உரம் போடாவிட்டாலும் தண்ணீர் கெட்டிருந்தால் என்ன பிரயோஜனம்? அடுத்து, பூச்சிக்கு என்ன தெளிக்கிறார், ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து ஊறவைக்கும் கரைசல்) தானே கலக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல விவசாயி பீப்பாயைத் திறந்தே காட்டிவிடுவார்.

இயற்கை விவசாயச் சான்றிதழ் இருந்தால் நல்லது. பி.ஜி.எஸ். இந்தியா என்பது, அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி செய்யும் முறை. இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுக்க மாறியதற்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. சான்றிதழ் இல்லாத சின்ன விவசாயி என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். நிலத்தை நேரில் பார்த்தது எனக்குக் காகிதத்தைவிடப் பெரிது.

நான் முதலில் சேர்ந்த ஒரு குழுவில் இப்படிப் போய்ப் பார்க்கவில்லை. ஒரே வாரத்துப் பையில் ஊட்டி கேரட்டும் சிம்லா ஆப்பிளும் வந்தபோதுதான், மண்டியில் வாங்கிப் பையில் போட்டுத் தருகிறார்கள் என்று புரிந்தது. ஒரே நிலத்தில் எல்லாம் விளையாது. பையில் ஏழெட்டு வகைதான், அதுவும் பருவத்துக்கு ஏற்றது என்றால் நம்பலாம்.

படி 3: பேசி முடிப்பது

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பிடித்தால் மூன்று மாதம். எத்தனை வாரம், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த வாரப் பங்கு என்ன ஆகும், பயிர் போய்விட்டால் என்ன செய்வார் என்பதை எல்லாம் வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: பை வரும் நாள்

அன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருமுறை வாட்ச்மேன் அறையில் பையை ராத்திரி வரை விட்டுவிட்டேன், கீரை முழுக்கத் துவண்டுவிட்டது.

எதையும் கழுவாதீர்கள். ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும். கீரையின் வேரை நறுக்கி, மண்ணை உதறி, பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முள்ளங்கி, நூல்கோல், பீட்ரூட் இவற்றின் இலையை உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதை வதங்க வைத்துவிடும். கிள்ளிய இலை மறுநாள் பொரியலுக்கு. தக்காளி வெளியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் சமைக்கும் வரிசை. முதல் இரண்டு நாள் கீரை. அடுத்து வெண்டை, பீர்க்கை, பீன்ஸ். பரங்கி, சௌசௌ, கிழங்கெல்லாம் வாரக் கடைசிக்கு. இந்த வரிசை பழகியபின் எங்கள் வீட்டில் காய் குப்பைக்குப் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

படி 5: தெரியாத காய், தாராளமாக வரும் காய்

'சப்பசிகே சொப்பு' என்று ஒரு கட்டு வரும். நம் சதகுப்பைக் கீரைதான், வாசனை தூக்கலாக இருக்கும். பாசிப்பருப்போடு கூட்டு செய்து பாருங்கள், இங்கே அக்கி ரொட்டி மாவிலும் பிசைகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் 'அவரேகாய்', அதாவது நம் மொச்சை, கொட்டும். உரித்த பருப்பை ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். வேலூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பிதுக்குப் பருப்புக் குழம்பு! மூன்று வாரம் தொடர்ந்து முள்ளங்கி வந்தால் ஒரு வாரத்தை சாம்பாருக்கும், ஒரு வாரத்தைத் துவையலுக்கும் வைத்து, மிச்சத்தை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன்.

மாதம் ஒருமுறை விவசாயியிடம் பேசுங்கள். எது மிஞ்சியது, குழந்தைகள் எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று சொன்னால் அடுத்த விதைப்பில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். போன வருடம் நாங்கள் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் கேட்டதில், எங்கள் பண்ணையில் இந்த முறை இரண்டு பாத்தி சுண்டைக்காய் நட்டிருக்கிறார்கள்.