சூப்பர்ஹீரோ கதையை ஆராயும் முறை

சூப்பர்ஹீரோ கதையை ஆராயப் புகுவோர், நாயகனின் ஆற்றலை விட, அவன் யாரை அடிக்கிறான் என்பதையே முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 1941 மார்ச் தேதியிட்ட கேப்டன் அமெரிக்கா சித்திரக்கதையின் முதல் இதழ் அட்டையில், நட்சத்திரங்களும் கோடுகளும் கொண்ட கேடயத்தை ஏந்திய நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு டிசம்பரில்தான். படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த அட்டை நடந்ததைச் சொல்லவில்லை, நடக்க வேண்டியதை வற்புறுத்தியது என்பது விளங்கும். எனக்கு இதுவே ஆய்வின் உயிர்நிலை.

அடுத்து, பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் முன்வைத்த ஏற்பு (படைப்பு சொல்வதை அப்படியே ஏற்பது), சமரசம் (பாதி ஏற்றுப் பாதி மாற்றிக்கொள்வது), எதிர்ப்பு (அதை மறுத்துப் படிப்பது) என்னும் மூன்று வாசிப்பு நிலைகளை அதே அட்டைப்படத்தின்மீது பொருத்திப் பாருங்கள்: போரை விரும்பாத அன்றைய அமெரிக்கர் ஒருவர், அந்தக் குத்தை வெறும் போர்ப் பிரசாரமாகவே படித்திருக்கக்கூடும். அந்த இதழின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள், 10 சென்ட் என்பது சிறுவர் கைக்கு எட்டிய தொகை.