இங்கிலாந்துக் கிராமத்து பப்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்க்‌ஷயர் குன்றுகளின் மேல் ஆல்ட்வொர்த் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள 'பெல் இன்' பப்பை ஒரே குடும்பம் 250 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறது. மரபான பியரையும் பப்புகளையும் காப்பதற்காக 1971-இல் தொடங்கப்பட்ட 'காம்ரா' என்ற நுகர்வோர் அமைப்பு, 1990-இலும் மறுபடியும் 2019-இலும் நாட்டின் சிறந்த பப்பாக அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவர்கள், வாசலைத் தாண்டியதும் திகைத்து நிற்பதுண்டு. பளபளக்கும் நீண்ட கவுன்ட்டர் இல்லை. கண்ணாடி அடைப்பு வைத்த சிறிய திறப்பு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் கோப்பையும் காசும் கைமாறுகின்றன. சாப்பிட, உள்ளே நிரப்பி வைத்த மொறுமொறுப்பான ரொட்டி ரோல்கள். இதற்கா விருது என்று கேட்டால், இதற்குத்தான்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். ஊராருக்குத் திறந்துவிட்ட ஒரு வீடு என்று பொருள். அதை நடத்துபவரை இன்றைக்கும் 'லேண்ட்லார்ட்', 'லேண்ட்லேடி' என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, வீட்டைக் கடை என்று நினைப்பதால் வருகின்றன.

பெயர்ப்பலகையிலேயே இரண்டு இடறல்கள் உண்டு. 'ஃப்ரீ ஹவுஸ்' என்று எழுதியிருந்தால் எதுவும் இலவசம் என்று பொருளில்லை. அந்த பப் எந்த மதுவடிப்பு நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதில்லை, விரும்பிய பியரை வாங்கி விற்கலாம் என்று பொருள். மற்ற பப்புகளில், அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்குதான் முன்னால் நிற்கும். வில்ட்‌ஷயர் பக்கம் போனால், டிவைசஸ் நகரில் 1875 முதல் பியர் வடித்துவரும் வாட்வொர்த்தின் பெயரைப் பல பப்புகளில் பார்க்கலாம். அங்கே போய் வேறொரு பெயரைச் சொல்லி, அது ஏன் இல்லை என்று கேட்பது வீண்.

இன்னொன்று, 'யீ ஓல்ட்' (Ye Olde) என்று தொடங்கும் பலகைகள். அதை 'யீ' என்று படிப்பதே பிழை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கென்று தனி எழுத்து ஒன்று இருந்தது. கையெழுத்தில் அது 'ஒய்' போலத் தோற்றம் கொண்டதாலும், அச்சுக்கோப்பவர்களிடம் அந்த எழுத்து இல்லாததாலும் 'ஒய்' அதன் இடத்தைப் பிடித்தது. எனவே அது வெறும் 'தி' (the) தான். இந்தப் பெயர் இருப்பதாலேயே ஒரு பப் பழையதாகிவிடாது. நாட்டிலேயே பழைமையானது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் பப்புகள் ஒன்றிரண்டல்ல. அந்தப் போட்டியில் தீர்ப்புச் சொல்ல உங்கள் விடுமுறை போதாது. பழைமையை நேரில் பார்க்க ஆசையிருந்தால் வில்ட்‌ஷயரின் லேகாக் கிராமத்துக்குப் போங்கள். பழைமையான இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் 1944-இல் ஒப்படைக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள 'ஜார்ஜ் இன்' பப்பின் கணப்படுப்பருகே ஒரு சக்கரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குள் நாயை ஓடவிட்டு, நெருப்பில் இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றினார்கள். எந்தப் பலகையும் சொல்லாத பழைமையை அந்தச் சக்கரம் சொல்லிவிடும்.

அடுத்த தவறு நேரம். இதை நான் வயிற்றால் கற்றேன். ஒரு வசந்தகாலத்தில் வயல்வெளிப் பாதைகளில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, இரண்டே முக்காலுக்கு ஒரு கிராமத்து பப்பின் கதவைத் தள்ளினேன். சமையலறை மூடியாகிவிட்டது. மூன்று மணிக்கு பப்பையே மூடிவிடுவார்கள் என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். மதிய உணவு பெரும்பாலும் 12 மணி முதல் 2 அல்லது 2.30 வரை, இரவு உணவு 6 முதல் 9 வரை. திங்கட்கிழமை முழுநாளும் மூடிக்கிடக்கும் பப்புகள் நிறைய. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடக்கூடாது என்று பிற்பகலில் பப்புகளை மூடச் சொன்னார்கள். ஞாயிறு தவிர்த்த நாள்களில் அந்தக் கட்டாயம் 1988-இல்தான் விலகியது. சட்டம் போன பிறகும், ஆள் குறைவான கிராமங்களில் பழக்கம் போகவில்லை. ஞாயிறு மதியம் இறைச்சி வறுவல் விருந்துக்கு முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது அரிது.

உள்ளே போய் மேசையில் அமர்ந்துவிட்டு, யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருப்பதுதான் அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு. யாரும் வர மாட்டார்கள். நீங்கள் இளைப்பாறுகிறீர்கள் என்று நினைத்து அமைதியாக விட்டுவிடுவார்கள். எழுந்துபோய் கவுன்ட்டரில் நில்லுங்கள். அங்கே வரிசை இருப்பதுபோலத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் மனத்தில் வைத்திருப்பார். நிற்பவர்களுக்கும் அது தெரியும். உங்களை முதலில் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவரைக் காட்டி, "இவர் முன்பே வந்தவர்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் அறையின் முகமே மாறும். பணத்தாளை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, கூப்பிடுவது எதுவும் வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும்.

கூட்டமாகப் போனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்குவது வழக்கமில்லை. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. தன் முறை வருவதற்குள் கிளம்பிவிடுபவரை ஊர் மறக்காது. குடிப்பதற்கு டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. மனம் நிறைந்திருந்தால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அந்தத் தொகையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"இங்கிலாந்து பியர் வெதுவெதுப்பானது, நுரையற்றது" என்று கேள்விப்பட்டு, 'ஏல்' என்ற மரபான பியரைத் தொடாமலே திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்க, நிலவறையில் மறுபடி நொதித்துப் பதமாகும் பியர் அது. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியில் கொடுப்பார்கள். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போய்விடும். மால்ட்டின் இனிப்பும் ஹாப் பூவின் கசப்பும் தெரியாது. ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீண்ட கைப்பிடியைப் பிடித்து, அவசரமில்லாமல், தோளிலிருந்து இழுப்பார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பழுப்பு நிறத்தில் கலங்கி எழும் பியர், அடியிலிருந்து மெல்லத் தெளிந்துகொண்டே வரும். திறந்த பீப்பாய் மூன்று நாள் போல்தான் தாங்கும். பத்துக் கைப்பிடி இருந்து ஆளில்லாத பப்பைவிட, இரண்டே வகை வைத்து அதைத் தீர்த்துவிடும் சிறிய பப்பில் பியர் நன்றாக இருக்கும். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் சிறிது சுவைத்துப் பார்க்கத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. பாதி வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகக்கூடாது என்று நினைப்பதும் தவறுதான். எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவோடு மாலை முழுவதும் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் சைடர் என்றால் ஆப்பிள் சாறு என்று எண்ணிப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் அது மது, பல பியர்களைவிடக் கடுமையானது. சைவம் கடைப்பிடிப்பவர்கள் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஊர்களில், குறிப்பாக வடக்கே, 'சிப்ஸ்' என்று அங்கே சொல்லும் உருளைக்கிழங்கு நீளத் துண்டுகளை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். பீப்பாய் பியர் பலவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

எதுவும் வாங்காமல் படம் எடுத்துக்கொண்டு, கழிப்பறையையும் பயன்படுத்திவிட்டுக் கிளம்புவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் 'ஓல்ட் கிரவுன்' பப் கைமாறிப் போகவிருந்தபோது, அங்கு வந்துபோகிறவர்கள் பணம் போட்டுக் கூட்டுறவாக வாங்கிக்கொண்டார்கள். 2003-இல் நடந்தது, நாட்டிலேயே அப்படி வாங்கப்பட்ட முதல் பப் அது. வருமானம் இல்லாவிட்டால் இந்த வீடுகள் மூடப்படும், மூடியவை பெரும்பாலும் திறப்பதில்லை. அரை பைன்டோ ஒரு காபியோ வாங்குங்கள்.

காரில் வந்திருந்தால் ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம். கிராமத்துச் சாலைகள் ஒடுக்கமானவை, விளக்கில்லாதவை. பஸ்ஸை நம்பினால், மாலைக்குப் பிறகு பல ஊர்களில் பஸ் இல்லை. கடைசி நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் மணி அடித்தால் கடைசியாக வாங்கலாம் என்று அறிவிப்பு. இரண்டாம் முறை அடித்தால் விற்பனை முடிந்தது. கையில் இருப்பதைக் குடித்து முடிக்க வழக்கமாக இருபது நிமிடம் போலத் தருவார்கள். கிளம்பும்போது காலிக் கோப்பைகளை மேசையிலேயே விட்டுவிடாமல், எடுத்துக்கொண்டுபோய் கவுன்ட்டரில் வைத்து, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.