மணலுக்குள் ஒளியும் பான்ஜோ கெளுத்தி: தொட்டியில் வளர்ப்பது எப்படி?

தொட்டியின் அடியில் காய்ந்த இலை கிடக்கிறதே என்று எடுக்கப் போனால், அது மெல்ல நகர்ந்து போகும். அதுதான் பான்ஜோ கெளுத்தி. அகன்று தட்டையான தலை, குச்சி போல நீண்ட வால். மேலிருந்து பார்த்தால் பான்ஜோ என்ற நரம்பு வாத்தியம் போலவே இருக்கும். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில், சருகு மண்டிய ஓடைகளில் வாழும் மீன் இது. கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் இனம் 10 முதல் 12 செ.மீ. வரை வளரும். யாரையும் வம்புக்கு இழுக்காது. புதிதாக மீன் வளர்ப்பவர்களும் தாராளமாக வளர்க்கலாம், பகலில் அதைப் பார்க்க ஆசைப்படாதவரை.

படி 1: தொட்டி

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும், சுமார் 54 லிட்டர் பிடிக்கும். உயரமான தொட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். இந்த மீனுக்குத் தேவை தரை.

படி 2: மணல்

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். நாள் முழுக்க மணலுக்குள் புதைந்து, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியக் கிடப்பதுதான் இதன் பிழைப்பு. கூரிய சரளைக்கல் போட்டால் புதையவும் முடியாது, வயிற்றுத் தோலும் கீறிவிடும். நைசான ஆற்று மணலைக் கலங்கல் நீங்கும்வரை அலசி, 4 அல்லது 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு டிரிஃப்ட்வுட் (தொட்டிக்கென்றே விற்கும் மரக்கட்டை), கொஞ்சம் காய்ந்த நாட்டு வாதுமை இலை. கனமான கல் வைப்பதென்றால் மணல் போடுவதற்கு முன்பே தொட்டியின் அடித்தளத்தில் வைத்துவிடுங்கள். மணல் மேல் வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது கல் சரிந்து அதையே நசுக்கிவிடும்.

படி 3: தண்ணீரைப் பழக்குதல்

ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். குழாய்த் தண்ணீரில் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்து நிரப்பி, ஃபில்டரை ஓடவிடுங்கள். அப்புறம் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகும். ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்கப் போங்கள். வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது.

படி 4: மீனை விடுதல்

மீன் இருக்கும் கவரை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேருங்கள். வலை வேண்டாம். மார்புத் துடுப்பில் ரம்பப் பல் போன்ற முள் இருக்கிறது, வலையில் மாட்டினால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சின்ன டப்பாவால் அள்ளுங்கள். தொட்டாலும் அசையாமல் செத்தது போலக் கிடக்கும். பயப்பட வேண்டாம், அது நடிப்பு. நிஜமாகவே மிரண்டால் செவுள் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் தத்தும்.

படி 5: சாப்பாடு

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். அடியில் மூழ்கும் பெல்லட், உறைந்த ரத்தப்புழு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கெளுத்தி என்றாலே பாசி தின்னும், மிச்சம் மீதி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறார்கள். இது பாசியைத் தொடாது. மற்ற மீன்கள் மிச்சம் வைக்கும் என்று விட்டுவிட்டால் பட்டினிதான்.

படி 6: தண்ணீர் மாற்றம்

வாரம் ஒரு முறை கால் பங்கு. சைஃபன் குழாயை மணலுக்குள் குத்தாதீர்கள்; ஒரு விரல் உயரத்தில் பிடித்து மேலாக உறிஞ்சினால் போதும். நான் முதலில் மூன்று மீன் வாங்கினேன். ஒரு நாள் எண்ணினால் இரண்டுதான். செத்து அடியில் அழுகுகிறதோ என்று குழாயால் துழாவியபோது, குழாய் வாய்க்கு நேர் கீழே மணல் எழுந்து நடந்தது. அதிலிருந்து நான் எண்ணுவதெல்லாம் ராத்திரியில், மங்கலான டார்ச் வெளிச்சத்தில்தான்.

தோல் உரிந்தால்

சில சமயம் உடம்பு மேல் வெள்ளையாக ஏடு பிரிவது போலத் தெரியும். பூஞ்சை என்று மருந்தை ஊற்றாதீர்கள். இந்த மீன் தோலின் மேலடுக்கை உரித்துப் போடும், அவ்வளவுதான். செதில் இல்லாத உடம்பு என்பதால் தாமிரம் கலந்த மருந்தும் உப்பும் அதிகமானால் தாங்காது.

துணைக்குச் சிறிய டெட்ரா மீன்கள் சரிப்படும். சிக்லிட் போன்ற முரட்டு மீன்கள் வேண்டாம். கொசுறாக ஒன்று: இரால் குஞ்சோ மீன் குஞ்சோ அதே தொட்டியில் இருந்தால், ராத்திரியில் அவற்றின் எண்ணிக்கை குறையும்.