சிக்னல் அறுந்தாலும் எஞ்சின் அணைய வேண்டும்

26 சிசி பெட்ரோல் எஞ்சின் பொருத்திய என் ரிமோட் படகு, ஏரியின் மறுகரையருகே சிக்னல் அறுந்ததும், கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே நாணல் புதரை நோக்கி ஓடியது. படகிலுள்ள ரிசீவரின் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் என்ன செய்வது என்ற முன்னமைப்பு) கடைசி நிலையை அப்படியே பிடித்து வைத்ததே காரணம். இவ்வகைப் படகுகளில் பெரும்பாலும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை புரொப்பெல்லரும் சுழலும் என்பதால், ஐட்லிங் வேகத்துக்கு இறக்கினால் மட்டும் போதாது. எனவே, சிக்னல் போனதும் சர்வோ (ரிசீவர் சொல்படி அசையும் சிறு மோட்டார்), கார்புரேட்டரில் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டை முழுவதுமாக மூடி எஞ்சினை அணைக்குமாறு ஃபெயில்சேஃபை மாற்றி, அந்த மூடலைத் தடுத்துக்கொண்டிருந்த ஐட்லிங் திருகையும் தளர்த்தினேன். ரிமோட் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை நீர் எளிதில் விழுங்கிவிடும். ஆகவே ரிசீவரின் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்த குழாயில் ஏற்றினேன். இப்போது படகை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும், எஞ்சினைக் கிளப்பாமலே கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை அணைத்து, தகடு மூடுகிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். ரிசீவர் பேட்டரி தீர்ந்துவிட்டால் ஃபெயில்சேஃபும் வேலை செய்யாது. ஆகவே பேட்டரியையும் அப்போதே அளந்துவிடுகிறேன்.