கருமாதி முடிந்த பிறகு இன்னொரு நடை போங்கள்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போடுவதிலிருந்து வருகிறவர்களுக்குக் காபி ஊற்றுவது வரை பங்காளிகளும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுமே பார்த்துக்கொள்வார்கள், வீட்டு ஆள் ஒரு சொம்பைக்கூட எடுக்க வேண்டியதில்லை. கருமாதி முடிந்த மறுநாள் வாசல் காலி. பலருக்குத் துக்கம் உறைக்க ஆரம்பிப்பதே அப்போதுதான். அதனால் எழவுக்குப் போனதோடு நிறுத்தாமல் ஒரு மாதம் கழித்து இன்னொரு நடை போங்கள்.

போகும் முன், 'துக்கத்துக்கு ஐந்து படி' என்று எங்கோ படித்ததை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் போவதில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது, துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-ல் முன்வைத்த இரட்டைப் போக்கு. மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், அப்புறம் பிழைப்பின் பக்கம் வரும், திரும்பவும் போகும். காங்கேயம் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், வீட்டுக்காரர் இருந்தவரை பால் கறந்ததே இல்லை. அவர் போன பிறகு எருமையிடம் உதை வாங்கிக் கறக்கப் பழகி, சொசைட்டியில் விலை குறைத்துப் போட்டதற்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவர், கட்டுத்தரையில் மாமனின் துண்டு தொங்குவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காலையில நல்லாத்தானே இருந்தா" என்று ஊர் பேசியது. காலையில் இருந்ததும் நிஜம், மதியம் அழுததும் நிஜம். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

அதே அக்கா மாமனின் செல்போன் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் செய்கிறார். செய்யட்டும். இறந்தவரை மறந்தால்தான் தேற முடியும் என்ற பழைய எண்ணத்தை மாற்றி, உறவு வேறு வடிவில் தொடரலாம் என்று 1996-லேயே டென்னிஸ் கிளாஸ் முதலான ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் ஒப்பாரி இறந்தவரை நேரே கூப்பிட்டுத்தானே பாடுகிறது?

சரி, போய் என்ன பேசுவது? "நீதான் தைரியமா இருக்கோணும் கண்ணு" என்பது அழ வந்தவர் வாயை அடைத்துவிடும். "எல்லாம் விதி"யும் அப்படித்தான். "ஏனுங்கக்கா, மாமன் இந்தத் தென்னையெல்லாம் எப்ப வெச்சாருங்க?" என்று அவரைப் பற்றியே கேளுங்கள். சொன்ன கதையையே பத்தாவது தடவை சொன்னாலும் கேளுங்கள், அழுதால் பேச்சை மாற்றாதீர்கள். "எதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை சந்தைக்குப் போறேன், உங்களுக்கும் காய் வாங்கியாரேன்" என்று நாளும் வேலையுமாகச் சொல்லுங்கள்.

கரு கலைந்தவர்கள், வீட்டில் தற்கொலையைப் பார்த்தவர்கள், வெளியே சொல்ல முடியாத உறவை இழந்தவர்கள், இவர்களிடம் துக்கம் கேட்க யாருமே போவதில்லை. ஊர் ஏற்காத துக்கம் என்று ஆய்வாளர் கென்னத் டோகா சொன்னது இதைத்தான். அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.

காலம் போகப் போகத் துக்கம் கொஞ்சம் இடைவெளி விடும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் அந்த ஏக்கம் துளியும் தணியாமல், அன்றாட வேலையே ஓடாமல் கிடந்தால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு குறைந்தது 6 மாதம், 2022-ல் திருத்திய அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். "சாகணும்னு தோணுதுங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, 14416-க்கு அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மருத்துவமனைக்கும் தனியாகப் போகச் சொல்லாமல் முதல் தடவை நீங்களே வண்டியில் கூட்டிப் போங்கள்.